பனிமலைப் பந்தயத்துக்குச் சட்டம் வகுத்த சென்னைக் குழந்தை

சதுரங்கப்பட்டினத்தில் பனி என்றால் என்ன? மார்கழி விடியற்காலையில் டச்சுக் கோட்டைப் புல்லின் நுனியில் நிற்கும் துளிதான் பனி. கடலுக்கு மேலே சூரியன் ஒரு முழம் ஏறிவிட்டால் அதுவும் இல்லை.

ஆளையே மூடிவிடும் உறைபனியை நம்மில் பெரும்பாலோர் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். அந்த உறைபனிச் சரிவிலே காலில் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கீழே பாய்கிறார்கள். கரணம் தப்பினால் மரணம் என்பது அங்கே வெறும் பேச்சு அல்ல. அந்தப் பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தம் இருக்கிறது, நேயர்களே! அந்தப் பந்தயத்துக்குச் சட்டம் வகுத்தவர் பிறந்த ஊர் சென்னை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே போனால் சுமார் 70 கிலோமீட்டர் தூரம்.

அவர் பெயர் ஆர்னால்டு லன். பின்னாளில் சர் ஆர்னால்டு லன். இன்னும் ஒரு விசித்திரம்: பந்தயத்துக்குச் சட்டம் எழுதிய காலத்தில் அவர் கால் ஊனமானவர்.

திரைக்குப் பின்னால்

செங்கற்பட்டுக் கடற்கரை ஜனங்களுக்குச் சர்வதேசப் போட்டி புதிதல்ல. 2022-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அது. யுத்தம் வந்ததால் இடம் மாறியது. சுமார் நாலே மாதத்தில் எல்லா ஏற்பாடுகளையும் செய்து முடித்தார்கள். அடுத்த வருஷமே அதே ஊரில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது.

போட்டி முடிந்தால் ஜெயித்தவர் படம் பத்திரிகையில் வருகிறது. மேஜை போட்டவர் படமும், மணி பார்த்தவர் படமும் வருவதில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைத்தான் பார்க்கிறோம். கோட்டை அடுப்பு வெட்டிய ஆளை யார் பார்க்கிறார்கள்?

மாமல்லபுரத்தில் அலைமேல் நின்று வருகிறார்களே, அந்தப் பலகைக்குப் பனிமலையில் ஒரு தம்பி உண்டு. 1965-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்தார். அதன்மேல் நின்றுகொண்டு குழந்தைகள் சரிவில் வழுக்கி இறங்கின. அலைச்சறுக்கைப் பனியில் செய்வது போல இருந்தது. அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்றைக்கு ஸ்னோபோர்டு ஆகியிருக்கிறது. 1998-ல் ஜப்பானில் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அதற்கும் இடம் கிடைத்தது.

அந்த ஸ்னோபோர்டுக்காரர்கள் சரிவிலே கொடிகளுக்கு இடையே வளைந்து வளைந்து வருவார்கள். யாருக்கு நேரம் குறைவோ அவருக்கு வெற்றி. கொடி நட்டு, கடிகாரம் பிடித்து, வேகம் ஒன்றையே அளவுகோலாக வைத்த அந்த முறைதான் ஆர்னால்டு லன் கொண்டுவந்தது.

பாதிரியார் நடத்திய பயணக் கம்பெனி

ஆர்னால்டின் தந்தை ஹென்றி லன் இங்கிலாந்தில் லிங்கன்ஷையரைச் சேர்ந்தவர். மெதடிஸ்ட் பாதிரியார், மருத்துவமும் படித்தவர். 1887-ல் மருத்துவ மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தார். 1888-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, கத்திரி வெயிலுக்கு முன்பான வெயிலில், சென்னையில் ஆர்னால்டு பிறந்தார்.

ஹென்றி லன்னின் உடம்புக்கு நம் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை நடை பழகும் முன்பே குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. ஆகவே சென்னையைப் பற்றி ஆர்னால்டுக்கு எந்த ஞாபகமும் இருந்திருக்க முடியாது. இதை மறைத்து அவரை நம்மவர் என்று கொண்டாடுவது நியாயமல்ல. பிறந்த மண் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

ஊர் திரும்பிய ஹென்றி லன் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் வசதியாக வாழ்கிறார்கள், ஏழைகளிடம் நெருங்குவதில்லை என்று பத்திரிகையில் எழுதினார். பெரிய ரகளை ஆகிவிட்டது. விசாரணைக் கமிட்டியே போட்டார்கள். கடைசியில் அவர் சபையின் வேலையை விட்டு விலகினார். வாதம் என்று வந்தால் விடாப்பிடியாக நிற்கும் இந்தக் குணம் மகனுக்கும் அப்படியே வந்தது.

பிறகு அவர் செய்த காரியம் வேடிக்கையானது. கிறிஸ்தவ சபைகளை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று 1892-ல் சுவிட்சர்லாந்தில் கிரிண்டெல்வால்ட் என்ற மலையூரில் ஒரு மகாநாடு கூட்டினார். மகாநாட்டுக்கு ஆள் அழைத்துப் போகப் போக, அதுவே ஒரு பயணக் கம்பெனி ஆகிவிட்டது! சபைகள் ஒன்று சேரவில்லை. கம்பெனி வளர்ந்தது.

கோடையில் மட்டும் ஜனங்கள் வந்துகொண்டிருந்த சுவிஸ் மலையூர்களுக்கு, குளிர்காலத்திலும் ஆள் கொண்டுவரலாம் என்று கண்டவர்களில் ஹென்றி லன் ஒருவர். மியூரன் என்ற சிற்றூருக்கு இப்படித்தான் குளிர்கால விருந்தாளிகள் வந்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பிலே உட்கார்ந்திருக்கும் ஊர் அது. அந்தக் காலத்தில் மலை ரயிலில்தான் போக வேண்டும்.

அங்கே தங்குவதற்கு ஹென்றி லன் ஒரு சங்கம் அமைத்தார். பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த கனவான்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்தான் அதில் இடம். நம் ஊரில் அந்தக் காலத்து ஜிம்கானா கிளப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். மலையும் பனியும் சுவிட்சர்லாந்துடையவை. கதவில் காவல் மட்டும் இங்கிலீஷ்காரருடையது.

கால் முறிந்தது

ஆர்னால்டு பத்து வயதிலேயே பனிச்சறுக்குக் கட்டையில் ஏறிவிட்டார். ஹாரோ பள்ளியிலும், பிறகு ஆக்ஸ்போர்டிலும் படித்தார். மனம் பூராவும் மலையிலேயே இருந்தது. 20-வது வயதில் ஆல்பைன் பனிச்சறுக்குச் சங்கத்தை ஸ்தாபித்தார்.

அடுத்த வருஷம், 1909 ஆகஸ்டு மாதம், வேல்ஸ் நாட்டில் காடர் இட்ரிஸ் என்ற மலையில் ஏறும்போது பாறை பெயர்ந்து விழுந்தார். வலது கால் நொறுங்கியது. காலை வெட்டாமல் காப்பாற்றினார்கள். ஆனால் அந்தக் கால் சுமார் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. புண் பல வருஷங்கள் ஆறாமல் இருந்தது.

21 வயதுப் பையன். மலையே உயிர் என்று இருந்தவன். வேறு ஒருவராக இருந்தால் கட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்.

ஆர்னால்டு லன் மறுபடியும் மலை ஏறினார். 1917 ஜூன் மாதத்தில், 4,545 மீட்டர் உயரமுள்ள டோம் சிகரத்தில், ஜோசப் நூபெல் என்ற வழிகாட்டியோடு பனிச்சறுக்குக் கட்டைகளில் ஏறினார். கட்டைகளைக் கொண்டு அந்தச் சிகரத்தை எட்டியது அதுதான் முதல் தடவை. நொண்டிக் காலோடு செய்த சாதனை!

ஆனால் வேகப் பந்தயத்தில் ஓடிக் கோப்பை வாங்கும் ஆசை முடிந்துபோயிற்று. அன்று முதல் அவர் மற்றவர்கள் ஓடுவதற்குக் களம் அமைப்பவராக மாறினார்.

காந்தஹார் கோப்பை

அந்தக் காலத்தில் பனிச்சறுக்கு என்றால் நார்வேக்காரர்கள்தான். அவர்களுக்கு அது பரம்பரை வித்தை. சமவெளியிலும் காட்டிலும் பல மைல் தூரம் ஓடுவது ஒன்று. மேடையிலிருந்து தாவிக் குதிப்பது மற்றொன்று. இந்த இரண்டுமே பந்தயம். மலைமேலிருந்து நேரே கீழே வருவதை அவர்கள் பந்தயமாக மதிக்கவில்லை.

ஆல்ப்ஸ் மலையின் கதை வேறு. அங்கே சமவெளி ஏது? ஏறினால் இறங்க வேண்டும். இறங்குவதில்தானே இங்கே சாமர்த்தியம் என்று கேட்டார் லன்.

1911-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுவிட்சர்லாந்தில் மொன்டானா என்ற இடத்தில் ஒரு கோப்பைக்கு இறக்கப் பந்தயம் நடந்தது. முயற்சி லன்னுடையது. கோப்பை கொடுத்தவர் ராபர்ட்ஸ் பிரபு. 1880-ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திப் பேர் வாங்கிய சேனாபதி. 1881 முதல் நாலு வருஷம் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவரும் இவரே. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு, சென்னைப் படைத் தளபதி கொடுத்த கோப்பை! விதி இப்படியும் முடிச்சுப் போடும்.

பத்துப் பேர் போட்டியிட்டார்கள். மலைமேல் குடிசையில் ராத்திரி தங்கி, காலையில் எல்லோரும் ஒரே சமயத்தில் புறப்பட்டார்கள். பனியாற்றைக் கடந்து, பாதை இல்லாத சரிவில் விழுந்து எழுந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். எந்த வழியாக வேண்டுமானாலும் வரலாம். முதலில் வந்தவர் ஜெயித்தார். அவ்வளவு எளிய சட்டம்.

அந்தக் கோப்பையால் காந்தஹார் என்ற ஆப்கன் நகரத்தின் பெயர் பனிச்சறுக்கு அகராதியிலேயே ஏறிவிட்டது. 1924-ல் மியூரனில் லன்னும் நண்பர்களும் அமைத்த சங்கத்துக்குக் காந்தஹார் சங்கம் என்றே பெயர். ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரிலுள்ள பிரசித்தமான பந்தயச் சரிவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். காந்தஹார்வாசிகளுக்கு இது தெரியுமோ தெரியாதோ!

கொடிகளும் கடிகாரமும்

முதல் மகா யுத்தம் வந்தது. ஊனமான காலைக் காட்டி லன்னைப் படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பிரான்சில் குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை செய்தார். பிறகு மியூரனுக்கே வந்து, சுவிட்சர்லாந்தில் தங்கவைக்கப்பட்ட காயமுற்ற யுத்தக் கைதிகளிடையே பணியாற்றினார்.

யுத்தம் முடிந்ததும் பந்தய வேலை மும்முரமாயிற்று. 1921 ஜனவரியில் வெங்கன் என்ற ஊரில் பிரிட்டிஷ் தேசியப் போட்டி நடந்தது. அதில் இறக்கப் பந்தயத்தையும் சேர்த்தார்.

ஆனால் அவருக்கு ஒரு குறை. திறந்த சரிவில் வேகமாக இறங்கத் தைரியம் போதும். மரங்கள் அடர்ந்த சரிவிலே இறங்க வேண்டுமென்றால்? நொடிக்கு நொடி திரும்ப வேண்டும். கண்ணும் காலும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அந்தத் திறமையை எப்படி அளப்பது? காட்டுக்குள் பந்தயம் வைத்தால் மண்டை உடையும்.

அதுவரை திருப்பங்களுக்கு என்று போட்டி வைத்தால் நடுவர்கள் நின்று பார்த்து மார்க் போடுவார்கள். வளைவு அழகாக இருந்ததா, உடம்பு நிமிர்ந்திருந்ததா என்று பார்ப்பார்கள். நடுவருக்குப் பிடித்த பாணி எதுவோ அந்தப் பாணிக்காரர் ஜெயிப்பார்.

லன் இந்த முறையைத் தூக்கி எறிந்தார். மரங்களுக்குப் பதிலாகக் கொடிகளை நட்டார். இரண்டு இரண்டு கொடிகளாக, வாசல் மாதிரி. எல்லா வாசல்களுக்குள்ளும் புகுந்து வர வேண்டும். எப்படி வந்தால் என்ன? குனிந்து வா, கோணி வா. குறைந்த நேரத்தில் வா. அழகு பார்க்க நடுவர் வேண்டாம், கடிகாரம் போதும்.

1922 ஜனவரியில் மியூரனில் பயிற்சிச் சரிவில் இந்தப் பந்தயத்தை முதன்முதலாக நடத்திக் காட்டினார். ஸ்லாலம் என்பது பழைய நார்வே சொல். சரிவில் விழுந்த தடம் என்று பொருள். பெயர் மட்டும்தான் நார்வேயிலிருந்து வந்தது; இன்றைய ஸ்லாலம் பிறந்தது மியூரனில்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்து பார்த்தால்தான் தெரியும் பாடு! கொடிகளை எங்கே நடுவது என்பதில்தான் பந்தயத்தின் உயிரே இருக்கிறது. நெருக்கி நட்டால் எல்லோரும் விழுவார்கள். தள்ளி நட்டால் தைரியசாலி ஜெயிப்பான், திறமைசாலி தோற்பான். சரிவை ஆட்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாலு பேர் போன பிறகு பள்ளம் விழுந்து, பின்னால் வருகிறவன் அந்தப் பள்ளத்தோடு போராடுவான். அப்படியானால் யார் முதலில் போவது? அதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டும். கொடியைத் தட்டியவனுக்கு என்ன தண்டனை? வாசலைத் தவறவிட்டவன் திரும்பி ஏறி வரலாமா? ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் குளிரில் நின்று இதைக் கவனிக்க வேண்டும்.

மின்சாரக் கடிகாரம் வராத காலம். மேலே ஒருவர் கையில் கடிகாரம், கீழே ஒருவர் கையில் கடிகாரம். இரண்டையும் நொடி பிசகாமல் ஒத்துவைக்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் லன் உட்கார்ந்து பதில் எழுதினார். தாம் ஆசிரியராக இருந்த பிரிட்டிஷ் பனிச்சறுக்கு ஆண்டு மலரில் வாதாடினார். அந்த மலரை ஏறக்குறைய ஐம்பது வருஷம் நடத்தியிருக்கிறார். தொப்பி எங்கே, கண்ணாடி எங்கே என்று தேடும் ஞாபகமறதிக்காரர் என்று நண்பர்களிடம் பேர் வாங்கியவர், கொடிக்கும் கொடிக்கும் இடையே எத்தனை அடி என்பதில் மட்டும் மறதியே காட்டவில்லை!

நார்வே மசியவில்லை

1924-ல் பிரான்சில் ஷாமொனி நகரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. சர்வதேசப் பனிச்சறுக்கு சம்மேளனமும் அங்கேதான் உருவாயிற்று. பனிச்சறுக்கில் ஓட்டமும் தாவலும் இருந்தன. இறக்கமும் ஸ்லாலமும் இல்லை.

லன்னின் கோரிக்கைக்கு வடக்கு நாட்டார் சம்மதிக்கவில்லை. மலையே இல்லாத இங்கிலாந்துக்காரன் நமக்குச் சட்டம் சொல்வதா என்ற எண்ணம். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பனியில் வாழ்ந்தவர்கள் அவர்கள். லன்னின் ஆட்களோ டிசம்பரில் வந்து மார்ச்சில் ஊர் திரும்புகிறவர்கள்.

பேச்சில் ஜெயிக்க முடியாது என்று கண்ட லன், பந்தயங்களை நடத்தியே ஜெயிக்கத் தீர்மானித்தார். அதற்கு ஆல்ப்ஸ் மலையைச் சேர்ந்த ஒரு பெரிய துணை வேண்டும். ஆஸ்திரியாவில் சென்ட் ஆண்டன் என்ற ஊரில் ஹானஸ் ஷ்னைடர் இருந்தார். பனிச்சறுக்கு ஆசான்களுக்கெல்லாம் ஆசான். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. தம் பயிற்சிப் பள்ளியாலும் சினிமாப் படங்களாலும் உலகப் புகழ் பெற்றவர்.

இருவரும் சேர்ந்து 1928 மார்ச் மாதம் ஆர்ல்பெர்க்-காந்தஹார் பந்தயத்தை ஆரம்பித்தார்கள். இறக்கம் ஒரு நாள், ஸ்லாலம் ஒரு நாள். இரண்டையும் கூட்டிப் பார்த்து வெற்றி. அந்த ஊரில் பனிச்சறுக்கு வளர உழைத்தவர்களில் ருடால்ஃப் கோம்பெர்ட்ஸ் என்ற எஞ்சினீயரும் ஒருவர். இந்தப் பெயரையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பந்தயம் பிரமாதமாக வெற்றி பெற்றது. 1930-ல் ஆஸ்லோ நகரில் கூடிய சம்மேளன மகாநாட்டில் இறக்கத்துக்கும் ஸ்லாலத்துக்கும் அங்கீகாரம் கிடைத்தது. நார்வேயின் தலைநகரிலேயே!

1931 பிப்ரவரியில் மியூரனில் முதல் சர்வதேச இறக்க, ஸ்லாலம் போட்டிகள் நடந்தன. முதலாவது உலகச் சாம்பியன் போட்டி என்று சரித்திரத்தில் இடம் பெற்றவை இவையே. ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் அதே மேடையில் போட்டி வைத்தார் லன். 17 வயதான எஸ்மே மெக்கினன் என்ற ஸ்காட்லாந்துப் பெண் இரண்டிலும் முதலிடம் பெற்றாள். இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். நெடுந்தூரப் பனி ஓட்டத்தில் பெண்களுக்கு ஒலிம்பிக் இடம் 1952-ல்தான் கிடைத்தது. தாவலில் 2014-ல்தான் கிடைத்தது.

மதத்தைப் பற்றியும் லன் ஓயாமல் வாதம் செய்துகொண்டிருந்தார். ரொனால்டு நாக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவுடன் கடிதத்திலேயே தர்க்கம் நடத்திப் புத்தகமாக வெளியிட்டார். தர்க்கத்தின் முடிவில் 1933-ல் அவரிடமே ஞானஸ்நானக் கட்சிக்கு மாறியது போல, கத்தோலிக்கராகிவிட்டார்! அவர் எழுதிய புத்தகங்கள் அறுபதுக்கு மேல்.

கிடைத்தது ஒலிம்பிக்

1936 பிப்ரவரியில் ஜெர்மனியில் கார்மிஷில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இறக்கமும் ஸ்லாலமும் கூட்டுப் போட்டியாகச் சேர்க்கப்பட்டன. ஸ்லாலத்துக்கு லன் நடுவராக அழைக்கப்பட்டார். பிரிட்டிஷ் கோஷ்டிக்குத் தலைவர் அவர் மகன் பீட்டர்.

பதினைந்து வருஷப் பாடு பலித்த நாள். ஆனால் ஊரெங்கும் ஹிட்லரின் கொடி. தந்தையும் மகனும் தொடக்க ஊர்வலத்தில் நடக்கவில்லை. நாஜிகள் கொடுத்த பெரிய விருந்துக்கும் போகவில்லை. பந்தய வேலையை மட்டும் பார்த்தார்கள்.

கூலி வாங்கும் பயிற்சி ஆசான்கள் அமெச்சூர்கள் அல்ல என்று ஒலிம்பிக் கமிட்டி தடுத்துவிட்டதால், ஆஸ்திரிய, சுவிஸ் ஆடவர்கள் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. மலையிலே பிறந்தவர்கள் வெளியே நிற்க, போட்டி நடந்தது.

ஒரு வேடிக்கையும் நடந்தது. கூட்டுப் போட்டியில் தங்கம் ஜெர்மானியருக்குப் போயிற்று. ஆனால் இறக்கத்தில் மட்டும் யார் முதலில் வந்தார்கள் தெரியுமா? ஆண்களில் பிர்கர் ரூட், பெண்களில் 16 வயது லைலா ஷோ நில்சன். இருவரும் நார்வே! வேண்டாம் வேண்டாம் என்று எந்த நாடு தடுத்ததோ அந்த நாட்டுப் பிள்ளைகளே முதலில் வந்தார்கள்.

நடக்காத பந்தயம்

1938 மார்ச் மாதம். ஆர்ல்பெர்க்-காந்தஹார் பந்தயம் சென்ட் ஆண்டனில் நடக்க வேண்டும். பத்து வருஷமாக வளர்த்த பந்தயம். ஏற்பாடுகள் தயார்.

மார்ச் 12-ந் தேதி ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அதே சமயத்தில் ஹானஸ் ஷ்னைடரைக் கைதுசெய்து சிறையில் அடைத்தார்கள். நாஜிகளுக்கு அவர்மேல் பழைய கோபம். தம் பள்ளியில் நாஜிக் கட்சி ஆட்டத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. யூத நண்பர்களைக் கைவிடவுமில்லை.

பந்தயம் நடந்தால் யாருக்கு லாபம்? ஊர் வழக்கம் போலவே இருக்கிறது, உலகத்தார் வந்து விளையாடுகிறார்கள் என்று புதிய எஜமானர்கள் காட்டிக்கொள்ளலாம். பந்தயம் நின்றால் யாருக்கு நஷ்டம்? அதைப் பெற்று வளர்த்தவருக்கு.

ஷ்னைடர் சிறையில் இருக்கும்போது அவர் ஊரில் பந்தயம் கிடையாது என்று லன் முடிவு செய்தார். ரத்து செய்துவிட்டார்.

சர்வதேசப் போட்டி நடத்துகிறவருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. நூறு தடைகளைத் தாண்டி ஒன்றை நடத்திவிடுவதுதான் அவர் பழக்கம். பனி பெய்யாவிட்டால் வேறு சரிவு தேடுவார். ரயில் நின்றால் நடந்தாவது ஆட்களைக் கொண்டுவருவார். நடத்தக்கூடியதை நடத்தாமல் விடுவது அந்த ரத்தத்துக்கே ஒத்துவராது. 1936-ல் ஒலிம்பிக்குக்கு நடுவராகப் போனவர், 1938-ல் தம் சொந்தப் பந்தயத்தை நிறுத்தினார். இரண்டு வருஷத்தில் அவர் நடந்த தூரம் அது.

அவரை அப்பழுக்கற்றவர் என்று சொல்லிவிட முடியாது. ஹிட்லரை வெறுத்த அதே மனிதர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் பக்கம் நின்றார். 1937-ல் அதற்காக ஒரு புத்தகமே எழுதினார். மதப் பற்று அவர் கண்ணை அங்கே மறைத்தது என்றுதான் தோன்றுகிறது.

ஷ்னைடர் பிழைத்தார். சிறையிலிருந்து வந்த பிறகும் ஜெர்மனியில் காவலில் வைத்திருந்தார்கள். ஹார்வி கிப்சன் என்ற அமெரிக்க பாங்கர் முயற்சியால் 1939-ல் விடுதலையாகி, அமெரிக்காவில் நார்த் கான்வே என்ற ஊருக்குப் போய், அங்கே மறுபடியும் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1955-ல் காலமானார்.

கோம்பெர்ட்ஸ் பிழைக்கவில்லை. பிறப்பால் யூதர் என்று அவரை வியன்னாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கிழக்கே கொண்டுபோய் 1942 மே மாதம் கொன்றுவிட்டார்கள். சென்ட் ஆண்டனுக்குப் பனிப் பிரியர்களைக் கொண்டுவர அரும்பாடுபட்ட மனிதர்.

பிற்காலம்

இரண்டாம் மகா யுத்தத்துக்குப் பிறகு ஆர்ல்பெர்க்-காந்தஹார் மறுபடியும் நடந்தது. 1948 ஒலிம்பிக்கில் இறக்கத்துக்கும் ஸ்லாலத்துக்கும் தனித்தனியே பதக்கம் கொடுத்தார்கள். 1952-ல் பிரிட்டிஷ் அரசு லன்னுக்குச் சர் பட்டம் அளித்தது. பனிச்சறுக்குக்கும் பிரிட்டிஷ்-சுவிஸ் நட்புக்கும் செய்த சேவைக்காக.

மனைவி மேபல் 1959-ல் காலமானார். 1961-ல் லன் மறுமணம் செய்துகொண்டார். வயது எழுபதைத் தாண்டிய பிறகும் பனிச்சறுக்கை விடவில்லை, எழுத்தையும் விடவில்லை. 1974 ஜூன் 2-ந் தேதி லண்டனில் தம் 86-வது வயதில் இறந்தார்.

அவர் உயிரோடு இருக்கும்போதே, 1964-ல் இன்ஸ்புரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதல் தடவையாகக் கலந்துகொண்டது. நம் சார்பில் போனவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி ஒருவரே. லித்துவேனியாவில் பிறந்து டார்ஜிலிங்கில் வளர்ந்தவர். அவர் ஓடியது இறக்கப் பந்தயம். 2022-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் காஷ்மீர் ஆரிப் கான். அவர் போட்டியிட்டவற்றில் ஒன்று ஸ்லாலம். அது பிப்ரவரி மாதம். அடுத்த ஜூலையில்தான் மாமல்லபுரத்தில் சதுரங்கக் காய்கள் நகர்ந்தன. ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு இப்போது காஷ்மீரில் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டிலும் போட்டி உண்டு.

மியூரன் ரயில் நிலையத்துக்கு அருகே லன்னுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. 1922-ல் முதல் ஸ்லாலம், 1931-ல் முதல் உலகப் போட்டி என்ற இரண்டையும் அதில் பொறித்திருக்கிறார்கள்.

அவருடைய சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 1928 ஜனவரியில் அதே ஊரில் இன்பெர்னோ என்ற ஒரு பந்தயத்தைத் தொடங்கினார்கள். இன்பெர்னோ என்றால் நரகம். ஷில்ட்ஹார்ன் சிகரத்திலிருந்து பள்ளத்தாக்கின் அடி வரைக்கும் இறங்க வேண்டும். முதல் வருஷம் நரகத்துக்கு வந்தவர்கள் 17 பேர். இப்போது ஜனவரி தோறும் 1,800 பேர் வரிசையில் நிற்கிறார்கள்.